சொந்த உபயோகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் அண்ணியும் புது வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்கிவிட்டீர்களா? கிளை மேலாளருக்குத் தனி அறை, தனி ஏசி என்று அண்ணி பெருமையாகச் சொன்னார். அந்த ஏசிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொள்ளாதே. உன் மூக்கு உனக்கே தெரியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நேற்று அடித்தேன், நீ மீட்டிங்கில் இருப்பதாக யாரோ எடுத்துச் சொன்னார்கள். அதுவும் நல்லதற்குத்தான். போன் என்றால் நான் அழுதுவிடுவேன், நீ பதறிவிடுவாய், விஷயம் பாதியில் நின்றுவிடும். எனக்கு இடது கையில்தான் கட்டு. வலது கை நன்றாக எழுதுகிறது பார், அதனால் பயப்படாமல் படி.

புதன்கிழமை காலையில் டெய்லர் அக்காவுக்கு டிரைவிங் வகுப்பு. உனக்கு அவரைத் தெரியாது. பள்ளிச் சீருடை தைக்கிறவர். தைத்ததைக் கடைகளுக்குக் கொண்டுபோக ஒரு சின்ன வேன் வாங்க வேண்டும், அதைத் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. கை பழகிவிட்டது, கால்தான் இன்னும் மெஷினை மிதிக்கிற மாதிரி மிதிக்கும். "அக்கா, இங்கே வேகமா மிதிச்சா துணி மட்டும் நகராது" என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

மருந்துக் கடை முனையில் திரும்பும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. அக்கா பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். என் பக்கம் இருக்கிற தனி பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். ஸ்கூட்டர்காரர் தப்பித்துவிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் வண்டி நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் இடித்து, மருந்துக் கடைக் கண்ணாடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இருமல் மருந்து வாசனைதான் வண்டிக்குள் பரவியது.

கடைக்காரருக்குப் பாதத்தில் கண்ணாடி கிழித்துவிட்டது, தையல் போட்டிருக்கிறார்கள். டெய்லர் அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை அண்ணா. கம்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு விரல் எலும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். வண்டியைப் பார்த்தால்தான் தாங்கவில்லை. பானெட் மடங்கி, ரேடியேட்டர் உள்ளே போய், முன் சக்கரம் ஒன்று வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேலே நம் டிரைவிங் ஸ்கூல் போர்டு மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கிறது.

கூட்டம் கூடி ஆளுக்கு ஒன்று பேசினார்கள். "பொம்பளைங்ககிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தாலும் பயம் வரவில்லை. கடைக்காரரிடம், "உங்க கடை, உங்க கால், எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குங்க, எங்க அண்ணன் அந்த வேலையிலதான் இருக்கார்" என்றேன். ஆஸ்பத்திரியில் அக்கா அழுதபோதும் அதையேதான் சொன்னேன். "அக்கா, வெளியில இருக்கிறவங்களுக்குப் போடறது சட்டப்படி கட்டாயம். வண்டிக்கும் உள்ளே உட்கார்றவங்களுக்கும் போடறது நம்ம விருப்பம். எங்க அண்ணன் ரெண்டும் சேர்த்துப் போட்டிருக்கான். உங்க கைக்கு நீங்க கவலைப்படாதீங்க." வகுப்பில் எல்லோருக்கும் நடத்துகிற பாடம்தானே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், இங்குள்ள உன் பழைய அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி, சேதத்தைப் பார்க்கிற சர்வேயரைச் சீக்கிரம் அனுப்பச் சொல். வண்டி பட்டறை வாசலில் கிடக்கிறது. சர்வேயர் வந்து பார்க்காமல் தொட மாட்டேன் என்கிறார் மெக்கானிக். நல்ல மனுஷன்தான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டுகிறார்.

இவர் ஆஸ்பத்திரி ஸ்டோர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்குச் சமைத்துப் போடுகிறார். சாப்பிட முடிகிற அளவுக்கு இருக்கிறது. உன்னை நினைத்தால் தெம்பாக இருக்கிறது. நீ நல்லா இருக்கணும் அண்ணா.

உன் அன்புத் தங்கை

.

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை சர்வேயர் பட்டறைக்கு வந்தார். நீங்கள் சொல்லி அனுப்பியவரா, தானாக வந்தவரா என்று எனக்குத் தெரியாது. வண்டியைச் சுற்றி வந்து படம் எடுத்தார். குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாலிசியில இது சொந்த உபயோகத்துக்கான கார்னுதானே மேடம் இருக்கு?"

"இல்லீங்க, டிரைவிங் ஸ்கூல் கார். போர்டு தெரியலையா?"

"தெரியுது. அதனாலதான் கேக்கறேன்."

நம்பரை மாற்றிப் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நானே நம்பரைச் சொன்னேன். அவர் கைபேசியில் மறுபடியும் தேடினார். நிதானமான ஆள், வயதும் இருக்கும். என் முகத்தைப் பார்த்துத்தான் குரலைத் தாழ்த்தியிருக்க வேண்டும். "கட்டாயமா போட வேண்டியது மட்டும்தான் இருக்கு மேடம். உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆனா அதுக்கு. அது இல்லாம ரோட்டுல ஏறவே கூடாது. உங்க வண்டிக்கு, உள்ளே ஓட்டறவங்களுக்கெல்லாம் தனியா சேர்க்கணும். அது இதுல இல்லை. அது அவங்கவங்க இஷ்டம்" என்றார்.

என் பாடத்தை எனக்கே நடத்துகிறார். நான் சிரித்துவிட்டேன் அண்ணா. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று. "போன வருஷம் தப்பா ஏதாவது மாறிப்போச்சா? முன்னாடி எல்லாம் எப்படி இருந்தது பாருங்க" என்று கெஞ்சினேன். அவர் பார்த்தார். "ஆரம்பத்திலேருந்து இதேதான் மேடம்" என்றார்.

அவங்கவங்க இஷ்டம் என்றாரே, அது யாருடைய இஷ்டம்? என்னை யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் நம்பவில்லை. "உங்க அண்ணன் அப்படிச் செய்யற ஆள் இல்லை, முதல்ல அவர்கிட்டக் கேளு" என்று உங்களுக்காக என்னிடம் சண்டைக்கு வந்தார். அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னது!" என்று கேட்கவில்லை. "அப்படி இருக்காதே" என்று சொல்லவில்லை. முடித்ததும், "நான் பாத்துக்கறேன், நீ யார்கிட்டயும் எதுவும் பேசாதே" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் ஆச்சரியப்படவே இல்லை. அதுவரைக்கும் எங்கோ ஓர் ஓரத்தில் நம்பிக்கை வைத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அது போய்விட்டது.

நான் பள்ளி ஆரம்பித்த அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வாசலில் போர்டு மாட்டுவதற்கு ஏணி பிடித்ததே நீங்கள்தான். ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "இன்ஷூரன்ஸ் என் பொறுப்பு. அது அண்ணனோட பரிசு. நீ ஓட்டறதை மட்டும் பாரு" என்றீர்கள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீங்கள் ஒருவர்தான் என் பக்கம் நின்றீர்கள். அப்படித்தான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் உங்களைக் கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தானே அண்ணா?" "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு" என்பீர்கள். "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க" என்று நான் சிரிப்பேன். நீங்களும் சிரித்தீர்களே. எதை நினைத்துச் சிரித்தீர்கள்?

பாலிசியைப் பிரித்துப் படித்திருக்க வேண்டியதுதானே என்று மற்றவர்கள் கேட்கலாம். மெக்கானிக் கேட்டுவிட்டார். வழியில் நிறுத்துகிற போலீஸ்காரர் தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நானும் தேதியை மட்டும்தான் பார்த்தேன். கூடப்பிறந்தவன் வாயால் சொன்னதற்கு மேல் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். யார் வேண்டுமானாலும் அதை என் தப்பு என்று சொல்லட்டும். நீங்கள் சொல்லக் கூடாது.

மறந்துவிட்டேன் என்றும் எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள். எலி ஒயரைக் கடித்தால்கூடப் பணம் வரும் என்று அவர் போன வாரம்கூட என்னிடம் பெருமை அடித்தார். அண்ணியின் கார் காய்கறி வாங்கப் போவதைத் தவிர வெளியே வருவதே இல்லை. அதற்கு ஒன்று விடாமல் போட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் கையில் ரோட்டில் ஓடுகிற என் வண்டிக்கு மட்டும் எப்படி மனது வரவில்லை?

பரிசு என்று கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது. அதுதான் என் வாயைக் கட்டுகிறது. ஆனால் நீங்கள் பரிசு என்று சொல்லாமல் இருந்திருந்தால் நானே போயிருப்பேன், நானே கேட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை டெய்லர் அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அரைகுறையாகத் தைத்த சீருடைகள் கட்டில், நாற்காலி, ஜன்னல் கம்பி என்று எல்லா இடத்திலும் தொங்கின. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டார். "எங்க அண்ணன் போட்டிருக்கான்னு நம்பித்தான் அக்கா சொன்னேன்" என்றேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "நான் உங்க அண்ணனை நம்பி ஏறலை டீச்சர். உங்களை நம்பித்தான் ஏறினேன்" என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம். அண்ணியிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கை

.

அண்ணனுக்கு,

உங்கள் பதில் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை இவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், வேறு குரலில் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று.

"ஏம்மா திடீர்னு நீங்க, வாங்க, போங்கன்னு எழுதறே, மனசு கஷ்டமா இருக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்று எழுதவில்லை. கை தானாக அப்படித்தான் எழுதுகிறது.

ஏன் என்று கேட்டதற்கு நேராகவே சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. "ஏதோ ஆசைக்கு ஆரம்பிக்கிறே, ரெண்டு மாசத்துல அலுத்துப்போய் விட்டுடுவேன்னு நினைச்சேன். அதுக்கு எதுக்கு டிரைவிங் ஸ்கூல்னு போட்டு, மேலே மேலே சேர்த்துக்கிட்டு இருக்கணும்னு சொந்த உபயோகம்னு போட்டுட்டேன். அடுத்த வருஷம் மாத்தணும்னு நினைச்சேன். மாத்தினா முதல்லயே ஏன் போடலைன்னு நீ கேப்பே. அப்படியே போயிடுச்சு."

பணத்துக்கு முடைப்பட்டு அப்படிச் செய்தேன் என்று எழுதியிருந்தால் நான் அழுது முடித்து மன்னித்திருப்பேன். நீங்கள் இரண்டு மாதம் என்றல்லவா கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டே அப்படி நினைத்திருக்கிறீர்கள். வீட்டில் வேண்டாம் என்றவர்களாவது என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மாமியார் இப்போது என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களின் பெயரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் பெருமை பேசுகிறார். நீங்கள் மட்டும் அந்த இரண்டு மாதத்திலேயே நின்றுவிட்டீர்கள்.

கடிதத்தின் பின்பாதிக்கு வருகிறேன். சர்வேயர் திரும்ப வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று சொல்லச் சொல்கிறீர்கள். மருந்து வாங்கத்தான் போனேன், அக்கா சும்மா கூட வந்தார், அன்றைக்கு வகுப்பு ஏதும் இல்லை, போர்டு எப்போதோ மாட்டியது, கழற்ற மறந்துவிட்டேன், முதலில் டிரைவிங் ஸ்கூல் கார் என்று சொன்னது பதற்றத்தில். இப்படிச் சொன்னால் சொந்த உபயோகம் என்றே போய்விடும், கடைக்காரருக்குக் கம்பெனி பேசாமல் கொடுத்துவிடும், யாருக்கும் தொல்லை இல்லை என்கிறீர்கள். இப்போதுதான் மேலாளர் ஆகியிருக்கிறீர்கள், இது வெளியே வந்தால் விசாரணை வரும் என்பதையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. எனக்கு உங்கள் மேல் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள்.

இவருக்கு மனது சாய்ந்துவிட்டது. "ஒரு வார்த்தைதானே, நம்ம தலையிலேயும் எதுவும் விழாது, உங்க அண்ணன் வேலையும் தப்பிக்கும்" என்றார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார், போர்டைக் கழற்ற. நானும் பின்னாலேயே போனேன். அவர் வண்டி மேல் கையை வைத்து முதல் போல்ட்டைத் திருகுகிறவரைக்கும் நானும் சரி என்றுதான் நின்றேன். துருப்பிடித்த போல்ட், கிரீச்சென்று கத்தியது. "வேண்டாங்க, விடுங்க" என்றேன். "அப்புறம் யோசிச்சுக்கோ" என்றார். "அதைக் கழட்டிட்டா நான் இத்தனை வருஷம் என்னங்க செஞ்சேன்? மருந்து வாங்கப் போனேனா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கழற்றிய போல்ட்டைத் திருப்பி மாட்டி இறுக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை சர்வேயரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். வகுப்பு நேரம், ஓட்டியது அக்கா, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது நான். அவர் பேனாவை மூடிவிட்டு, "இதை நீங்க சொல்லாமலும் இருந்திருக்கலாம் மேடம்" என்றார். கடைக்காரருக்குக் கம்பெனி கொடுத்துவிடுமாம். வெளியில் இருக்கிற ஆளை விட்டுவிட முடியாது, சட்டம் அப்படி. அப்புறம் அந்தத் தொகையை என்னிடம் திருப்பிக் கேட்பார்களாம். கேட்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன். இதற்காக நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் திரும்பி வரும்.

வண்டி போய்விட்டது. சரிசெய்வதைவிடப் பிரித்து விற்பது மேல் என்றார் மெக்கானிக். எடுத்துக்கொண்டு போனபோது நான் போகவில்லை. போர்டை மட்டும் மெக்கானிக்கே கழற்றிக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார், கூலி வாங்கவில்லை.

காலையில் இப்போது எதிர்த் தெருவில் இருக்கும் மீசைக்காரரின் டிரைவிங் ஸ்கூலுக்கு வேலைக்குப் போகிறேன். எனக்குப் போட்டியாக இருந்தவர்தான். எப்போது மூடுவேன் என்று காத்திருந்தார் என்று நினைத்திருந்தேன். போய்க் கேட்டதும், "பொம்பளைங்க எல்லாரும் உங்ககிட்டத்தானே வருவாங்க, வாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே வரி விடாமல் படித்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை. எல்லாம் இருந்தது. ஓட்டக் கற்கிறவருக்குத் தனியாகப் போட்டிருந்தார்.

மத்தியானத்தில் டெய்லர் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல, தெரிந்த பெண் ஒருத்தி வெட்டுகிறாள், நான் பட்டன் தைக்கிறேன். காலர் பக்கம் என்னை விடுவதில்லை. விரல் இன்னும் சரியாக மடங்காததால் ஊசி குத்திக்கொண்டே இருக்கிறது. முதல் வாரம் அக்கா என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நேற்று நான் தைத்த சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகணும் டீச்சர், பிரிச்சுத் தைங்க" என்றார். பிரித்துத் தைத்தேன். அவர் கை முன்போல ஆகுமா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வேனைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அண்ணி போன் செய்தார். நான் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லி அழுதார். அவருக்கு நீங்கள் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, மீதியை என் வாயால் சொல்ல மனமில்லை. உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வேலைக்கு எதுவும் ஆகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டேதான் சர்வேயரிடம் உண்மையைச் சொன்னேன்.

விசாரணைக்கு உங்களிடம் ஆள் வருவார். எனக்காக ஒன்று செய்யுங்கள். என்னைக் காப்பாற்ற வேண்டாம், உங்களைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் கார் எதற்காக இருந்தது என்று அவர் கேட்பார். அப்போது மட்டும், என் தங்கை ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள் என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், வாயால் சொல்லுங்கள். நான் அங்கே இருக்க மாட்டேன், கேட்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை